சம்பளம் வாங்காத தலைவர்

எங்கள் கடையில் தண்டவாள ஆணி மட்டும் கிடையாது. மற்ற எல்லா ஆணியும் உண்டு. அரை இஞ்சிலிருந்து ஆறு இஞ்ச் வரைக்கும் கம்பி ஆணி, கான்கிரீட் ஆணி, தகர ஷீட்டுக்கு அடிக்கிற ஆணி, கதவில் அழகுக்கு வைக்கிற பித்தளைக் குமிழ் ஆணி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துக் கொடுப்பது என் வேலை. ஆணிப் பொட்டலம் மடிப்பது லேசு கிடையாது. முனை குத்திக் கிழித்துவிடும். இரண்டு தாள் வைத்துக் குறுக்காக மடிக்கணும்.

அதனால்தான் எராஸ்டஸ் கார்னிங் என்கிற ஆளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, ரயில்வே, வங்கி, மேயர் பதவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "இரும்புக்கடை" என்ற இடத்தில் என் கண் நின்றது.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த வழி கொஞ்சம் அசட்டுத்தனமானது. போன் கீழே விழுந்து கண்ணாடி விட்டது. சர்வீஸ் கடைப் பையன், "அக்கா, இது கார்னிங் கிளாஸ், விலை கூட" என்றான். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், அந்தப் பெயர் ஒரு விஞ்ஞானியுடையதாக இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். விஞ்ஞானி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் தெற்கில் செமுங் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சிற்றூர். கண்ணாடிக் கம்பெனிக்கு அந்த ஊரின் பெயர்; அந்த ஊருக்கு ஆல்பனியில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரியின் பெயர். அவர் அந்த ஊரில் குடியிருந்தவர் இல்லை. கண்ணாடியும் செய்ததில்லை. 1835இல் சில கூட்டாளிகளோடு சேர்ந்து அங்கே நிலம் வாங்கிப் போட்டார், அவ்வளவுதான். பென்சில்வேனியாவின் பிளாஸ்பர்க் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் வந்து, அங்கே கால்வாய்ப் படகுக்கு மாறும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு நான்கு வழிச்சாலை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் செய்வதுதான். ஊர் முளைத்தது. முதலீட்டாளரின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். புரூக்ளினிலிருந்து ஹௌட்டன் குடும்பத்துக் கண்ணாடி ஆலை அங்கே இடம் மாறியது 1868இல். எடிசனின் பல்புக்குக் கண்ணாடிக் குமிழ் ஊதிக் கொடுத்ததும், பைரெக்ஸ் பாத்திரமும், 2007இல் ஐபோனுக்கான கண்ணாடியும் அதற்கப்புறம் வந்த கதைகள். 2024 தொடக்கத்தில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் அந்தக் கம்பெனியின் கூட்டு ஆலை வரும் என்று அறிவித்தபோது, செய்தியில் வந்த அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு.

சரி, ஆளைப் பார்ப்போம்.

1794இல் கனெக்டிகட்டின் நார்விச்சில் பிறந்தவர். பதிமூன்று வயதில் டிராய் என்ற ஊரில் மாமாவின் இரும்புக்கடைக்கு வேலைக்கு வந்தார். 1814இல் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆல்பனிக்குப் போய், அங்கேயும் ஒரு இரும்புக்கடையில் சேர்ந்து, கொஞ்ச காலத்தில் பங்குதாரர் ஆனார். ஆல்பனி மாநிலத் தலைநகர். 1825இல் ஈரி கால்வாய் திறந்தபோது பஃபலோவிலிருந்து வரும் படகெல்லாம் கடைசியாக வந்து நின்ற துறை அது. மேற்கே குடியேறப் போகிறவன் அங்கே இறங்கிக் கோடரியும் கீலும் ஆணியும் வாங்கிக்கொண்டு படகேறுவான். இரும்புக்கடை வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. (அப்பா கடைக்கு இடம் பார்த்ததும் இதே கணக்கில்தான்: பஸ் ஸ்டாண்டுக்கும் மரக்கடைக்கும் நடுவில்.)

விற்பவருக்குச் செய்யவும் ஆசை வந்தது. டிராயில் ஒரு ஓடைக்கரையில் ஆணி ஆலை ஒன்றை 1826இல் வாங்கினார். அதுதான் வளர்ந்து ஆல்பனி இரும்பாலை ஆனது. பெயர் ஆல்பனி, இருந்தது டிராயில். பக்கத்திலேயே ஹென்றி பர்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பட்டறை. பர்டன் நிஜமாகவே கண்டுபிடிப்பாளர். குதிரை லாடத்துக்கும் தண்டவாள ஆணிக்கும் எந்திரம் செய்தவர். கொக்கி மாதிரி ஒரு பக்கம் தலை வளைந்த தண்டவாள ஆணி எங்கள் கண்டுபிடிப்பு என்று அந்தப் பக்கம் சொல்ல, கார்னிங் தரப்பு நாங்களும் செய்வோம் என்று செய்ய, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய்ப் பல வருஷம் இழுத்தது. இரும்பை உருட்டும் எந்திரம் பற்றி இரண்டு பேருக்கும் நடந்த இன்னொரு வழக்கில், எந்திரத்துக்குத் தரும் காப்புரிமையும் செய்முறைக்குத் தரும் காப்புரிமையும் வேறு வேறு என்று 1850களில் வந்த தீர்ப்பைச் சட்டப் புத்தகங்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகின்றன. ஒரே ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றிய இரண்டு பட்டறைகள். ஓர் ஆணியின் தலைக்காக இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள் கடை வைத்திருக்கமாட்டார்கள்.

அரசியல் கூடவே வந்தது. ஜனநாயகக் கட்சி. 1834 முதல் 1837 வரை ஆல்பனி மேயர். 1842 முதல் 1845 வரை மாநில செனட். இரண்டு தடவை வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். ஆல்பனி சிட்டி வங்கியின் தலைவர். இப்படிப் பட்டியல் போட்டால் நம்ம ஊரில் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற பேனர் மாதிரி ஆகிவிடும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பதவியைப் பற்றி.

1833இல் யூட்டிகா - ஷெனெக்டடி ரயில்வே கம்பெனி தொடங்கியது. எழுபத்தெட்டு மைல் பாதை. கார்னிங் தலைவர். இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார், ஒரு டாலர் சம்பளம் வாங்கவில்லை. சம்பளத்துக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு சலுகை. ரயில்வேக்குத் தேவைப்படும் தண்டவாளம், சக்கரச் சாமான், கருவி, மற்ற இரும்பு எல்லாவற்றையும் தன் கடையிலிருந்து போடும் உரிமை.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். கட்டடக் கமிட்டிக்கு அப்பா பொருளாளர். சம்பளம் கிடையாது, டீச்செலவு உட்பட கைக்காசு. கம்பி, கட்டுக்கம்பி, ஜன்னல் பட்டை, கீல், தாழ்ப்பாள் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போனது. வெளியில் விற்கிற விலையைவிடக் குறைத்துத்தான் போட்டார். பில் எழுதினது நான், எனக்குத் தெரியும். மகாசபைக் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அண்ணாச்சி மேல சந்தேகம் இல்ல. ஆனா செக்குல கையெழுத்துப் போடுறவரே சரக்கும் போடலாமா?" அப்பா அந்த இடத்திலேயே பொறுப்பிலிருந்து விலகிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. கேட்டவர் மேல் எனக்கு வந்த கோபம் பல வருஷம் இருந்தது. தெருவில் அவரைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

அப்புறம் நான் பி.காம் முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். பென்சிலால் வட்டம் போட முதலில் சொல்லிக்கொடுத்தது எதற்குத் தெரியுமா? தொடர்புடைய தரப்போடு நடந்த வியாபாரம். இயக்குநரின் மனைவி பெயரில் இருக்கிற கம்பெனியிடம் சரக்கு வாங்கினால் வட்டம். பங்குதாரரின் தம்பி கட்டடத்துக்கு வாடகை கொடுத்தால் வட்டம். விலை நியாயமா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் வட்டம். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். அப்பாவின் பில் என் மேஜைக்கு வந்திருந்தால் வட்டம் போட்டிருப்பேன்.

கார்னிங்குக்குத் திரும்புகிறேன். அந்தக் காலத்தில் தண்டவாளம் என்றால் முழு இரும்பு இல்லை. மர உத்தரத்தின் மேல் இரும்புப் பட்டையை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். சக்கரம் ஏறி ஏறி ஆணி கழன்றால் பட்டையின் முனை மேலே சுருண்டு எழும்பி, பெட்டியின் அடிப்பலகையைக் குத்திக்கொண்டு உள்ளே வரும். பயணிகள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு. இதற்கு "பாம்புத் தலை" என்று பெயரே வைத்திருந்தார்கள். ஆக, நல்ல ஆணி என்பது உயிர்ப் பிரச்சினை. அப்புறம் பட்டையை எடுத்துவிட்டு முழு இரும்புத் தண்டவாளம் போட்டார்கள். அதில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரணும். அதற்குத் தரகரும் தெரியணும், கடனும் வேணும், வங்கியும் வேணும். இது மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தது. பாதை தேய்ந்தால் அவருக்கு வியாபாரம், மாற்றினால் வியாபாரம், நீட்டினால் வியாபாரம். ஒரு ரயில்வே கம்பெனி எப்போது தண்டவாளம் மாற்றணும் என்று முடிவெடுக்கும் மேஜையில், தண்டவாளம் விற்கிறவர் தலைவராக உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு பைசா அதிகம் வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மேஜையில் "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் மாத்தலாம்" என்று யார் சொல்லுவார்?

இன்னொன்று. அந்த ரயில்வேக்கு அனுமதி கொடுத்தபோது, சரக்கு ஏற்றக் கூடாது, ஆட்களை மட்டும்தான் ஏற்றணும் என்று மாநிலம் நிபந்தனை போட்டிருந்தது. ஈரி கால்வாய் அரசாங்கத்தின் சொத்து, அதன் சுங்க வருமானம் குறையக் கூடாது. 1844இல்தான் அந்தப் பூட்டு கொஞ்சம் திறந்தது. குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து மூடிக் கிடக்கும்போது, கால்வாய்க்குரிய சுங்கத்தைக் கட்டிவிட்டு ரயில் சரக்கு ஏற்றலாம் என்றார்கள். அந்த வருஷம் கார்னிங் மாநில செனட்டர். 1851இல் சுங்கமே போய்விட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஆல்பனியிலிருந்து பஃபலோ வரைக்கும் துண்டு துண்டாகக் கிடந்த ரயில் கம்பெனிகளை ஒன்றாக இணைத்து நியூயார்க் சென்ட்ரல் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. முதல் தலைவர், சொல்லத் தேவையில்லை. 1864 வரைக்கும் அவர்தான். சில வருஷத்தில் வாண்டர்பில்ட் வந்து அதை வளைத்துப் போட்டார். உலகத்துக்கு ஞாபகம் இருப்பது வாண்டர்பில்ட்டின் பெயர்.

அதே 1853இல் இன்னொரு வேலையும் நடந்தது. மிச்சிகனில், சுப்பீரியர் ஏரியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கும் செயின்ட் மேரிஸ் ஆற்று அருவியைத் தாண்டக் கப்பலுக்குக் கால்வாய் வெட்டணும். வெட்டுகிற கம்பெனிக்குக் கூலி பணமாக இல்லை, நிலமாக: 7,50,000 ஏக்கர். நாடாளுமன்றம் 1852இல் ஒதுக்கியது. அந்தக் கம்பெனிக்கும் தலைவர் நம்ம கார்னிங்தான். 1855இல் கால்வாய் திறந்தது. சுப்பீரியர் கரையின் இரும்புத் தாது நேராகக் கீழே வர ஆரம்பித்தது. ஓஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாக வலைவீசி மீன் பிடித்த இடம் அந்த அருவி. ஏக்கர் கணக்கில் அவர்களுக்கு எந்த வரியிலும் இடம் இல்லை. கணக்குப் புத்தகத்தின் ஒழுங்கு அப்படிப்பட்டது, எழுதப்படாதவன் இருந்ததே இல்லை.

இவரை வில்லன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் நடுவில் லிங்கன் வந்து குழப்பிவிடுகிறார்.

1863 மே மாதம், உள்நாட்டுப் போரின் நடுவில், ஒஹையோவைச் சேர்ந்த வல்லண்டிகம் என்ற அரசியல்வாதி போரை எதிர்த்துப் பேசியதற்காக ராணுவம் ராத்திரியில் வீடு புகுந்து கைது செய்தது. சிவில் நீதிமன்றம் இல்லை, ராணுவ நீதிமன்றம். ஆல்பனியில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி ஜனாதிபதிக்கு அனுப்பினார்கள். கையெழுத்திட்டவர்களில் முதல் பெயர் எராஸ்டஸ் கார்னிங். ஜூன் 12ஆம் தேதி லிங்கன் பதில் எழுதினார்: "மாண்புமிகு எராஸ்டஸ் கார்னிங் மற்றும் பிறருக்கு." கலகக் காலத்தில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்க அரசியலமைப்பே இடம் தருகிறது என்று வாதாடும் நீளமான கடிதம். தப்பி ஓடும் எளிய சிப்பாயைச் சுட்டுவிட்டு, அவனை ஓடத் தூண்டியவனைத் தொடாமல் விடணுமா என்று அதில் அவர் கேட்கும் இடம் பிரபலம். பத்திரிகைகள் அச்சடித்துத் தள்ளின. கார்னிங் குழு சும்மா இருக்கவில்லை, ஜூன் கடைசியில் மறுபதில் எழுதியது.

லிங்கன் சொன்னது சரியா, இவர்கள் சொன்னது சரியா? போர் எதற்காக நடந்தது, அடிமைமுறை எந்தப் பக்கம் நின்றது என்று தெரிந்தபின் ஆல்பனிக் கூட்டத்தின் பக்கம் நிற்க என் மனசு வரவில்லை. ஆனால் பேசியதற்காக ஒருத்தனை ராத்திரியில் தூக்கிக்கொண்டு போகலாமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அதைக் கேட்டது ஓர் இரும்பு வியாபாரி. அதே நேரத்தில் அவருடைய கூட்டாளி ஜான் வின்ஸ்லோ, வடக்குப் படையின் மானிட்டர் என்ற இரும்புக் கப்பலுக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர். கப்பலின் கவசத் தகடுகளில் ஒரு பகுதி ஆல்பனி இரும்பாலையில் உருட்டியது. 1862 மார்ச்சில் அந்தக் கப்பல் தெற்குப் படையின் கவசக் கப்பலோடு மோதியபோது கார்னிங் காங்கிரஸில் இருந்தார். போரை நடத்துகிற விதத்தைக் கண்டித்துக் கையெழுத்து, போருக்குத் தகடு. இரண்டுமே அவருக்குப் பொருந்தாமல் தெரியவில்லை போல. சந்தர்ப்பவாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் நியூயார்க் சென்ட்ரல் தலைவருக்கு ஜனாதிபதியைப் பகைத்துக்கொள்வதில் என்ன லாபம் என்று யோசித்தால் அந்தச் சொல் ஒட்டமாட்டேன் என்கிறது.

1872 ஏப்ரலில் இறந்தார். குடும்பத்தின் அரசியல் நிற்கவில்லை. கொள்ளுப்பேரன், அதே பெயர், இரண்டாம் எராஸ்டஸ் கார்னிங், 1942இலிருந்து 1983இல் சாகும் வரைக்கும் ஆல்பனியின் மேயர். நாற்பத்தொரு வருஷம்! அவருடைய சொந்தத் தொழில் இன்சூரன்ஸ். அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முக்கியமான வாடிக்கையாளர்களில் ஒன்று ஆல்பனி கவுண்டி நிர்வாகம். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த சீனியர் என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், வட்டம் போடுறேன்" என்றேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கடையை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வெளியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். ஏதாவது சொல்லட்டும் என்றுதான். மேயரையும் லிங்கனையும் அவர் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆணி வழக்கை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"சம்பளம் வேண்டாம்னு அந்தாளா சொன்னாரா, இல்ல கம்பெனியில கேட்டாகளா?"

"அப்படித்தான் பேசி வச்சிக்கிட்டாங்கப்பா."

"மொதல்லயே பேசிட்டாரா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் தராசில் கட்டுக்கம்பி நிறுத்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசலை தாயி. நம்ம பள்ளிக்கூடந்தானன்னு போட்டுட்டேன்."

நான் ரொம்ப வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். "வேற கடையில கொட்டேஷன் வாங்குனீங்களாப்பா?"

"வேற கடையா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு பஜார்ல கம்பி விக்கிற கடை ரெண்டு. ஒண்ணு நம்மது. இன்னொன்னு உன் சித்தப்பாது."

அண்ணன் உள்ளேயிருந்து, "அவரு நம்மளவிடக் கிலோவுக்கு ஒரு ரூவா கூட" என்றான். அப்பா எழுந்து போய்த் தராசு முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு துண்டு கம்பியை எடுத்து வைத்தார்.